எர்த் வயரின் நிறம்

மாரிராஜுக்குத் தக்காளி வாங்கத் தெரியாது என்பது அவன் குடியிருந்த தெருவுக்கே தெரியும். ஏன் தெரியாது என்பது அவன் மனைவி சுமதி ஒருத்திக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்ப்பான், முகர்ந்து பார்ப்பான். "என்ன அண்ணாச்சி, தக்காளி வாங்குதீங்களா, பொண்ணு பாக்கீங்களா?" என்று கடைக்காரி கேலி பண்ணுகிற வரைக்கும் பார்த்துவிட்டு, கடைசியில் பாதி காயும் பாதி பழமுமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். சுமதி ஒன்றும் சொல்லாமல் காயை மட்டும் பிரித்துத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவன் பார்த்தது எலெக்ட்ரிகல் வாத்தியார் வேலை. சங்கரன்கோவிலை விட்டு ராஜபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து பருத்திக் காடு தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு பாலிடெக்னிக்கில் அவன் விரிவுரையாளர். படிக்கிற காலத்தில் தன் கண்ணில் கோளாறு என்று அவனுக்கே தெரியாது. எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள், மற்றவர்களுக்குக் கொஞ்சம் சூட்டிகை அதிகம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான். ரயில்வே எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றுதான் டாக்டர் புள்ளி புள்ளியாகப் படம் போட்ட ஒரு புத்தகத்தைத் திறந்து, "இதுல என்ன நம்பர் இருக்கு?" என்று கேட்டார். "எதுல சார்?" என்றான் மாரிராஜ். அத்தோடு ரயில்வே முடிந்தது. சொந்த ஊரான பனவடலிசத்திரத்தில் இனிப்போடு காத்திருந்த வீட்டாரிடம், வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவே இல்லை. விஷயம் வெளியே தெரிந்தால் லேபிலிருந்து இறக்கிவிடுவார்கள். லேப் இல்லாமல் கரும்பலகையோடு மட்டும் மல்லுக்கட்டுகிற வாத்தியார் வேலையை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மோட்டார் முதலில் முனகி, பிறகு வேகம் பிடித்து ஒரே சீராக ஓடத் தொடங்குகிற அந்தச் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதற்காகவே லேபில் அவன் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தான். மாணவர்கள் வயரெல்லாம் மாட்டி முடித்ததும், சுவிட்சைப் போடும் முன்பு, ஒவ்வொரு வயரையும் ஒரு முனையில் பிடித்து விரலாலேயே மறு முனைவரை போய்ப் பார்ப்பான். நிறத்தை நம்பவே மாட்டான். வகுப்பில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அறுந்த நூலைத் தேடுவதுபோல் இவன் வயரைத் தேடுவதைப் பார்த்துவிட்டு 'நூல்பிடி சார்' என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் அவன் காதுக்கும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

போன செமஸ்டரில் ஒருநாள் மீட்டர் ஒன்று எடுப்பதற்காக மெஷின் லேபுக்குள் போனான். லேபை அன்று நடத்திக்கொண்டிருந்தது சங்கரநாராயணன் என்ற இன்னொரு விரிவுரையாளர். ஓரத்து மேஜையில் பேச்சிராஜ் நின்றான். மற்றவர்களைவிட ஐந்தாறு வயது மூத்தவன். பத்தாவது முடித்துத் தறிக்கூடத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, நல்ல மீசையெல்லாம் வளர்ந்த பிறகு டிப்ளமோவுக்கு வந்தவன். சாயங்காலமானால் இன்னமும் தறிக்குப் போகிறவன். வகுப்பே அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

மோட்டாரின் உடம்பிலிருந்து, கசிகிற மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிடுகிற மேஜையின் எர்த் முனைக்குப் பச்சை வயர் ஒன்றை அவன் மாட்ட வேண்டும். அந்த மேஜையில் முனைகளுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், நிறம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பேச்சிராஜ் வயர்க் குவியலில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரன் எதை எடுக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். எதற்கோ இருமினான். கடைசியில் எதையோ முடிவு பண்ணி மாட்டினான்.

அந்தத் திருட்டுப் பார்வை, அந்த இருமல், எல்லாம் மாரிராஜே வருஷக்கணக்காகச் செய்து பழகியது. இவனுக்கும் தெரியவில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. வாயைத் திறப்பதற்குள் சங்கரநாராயணன் மேஜையை ஒரு பார்வை பார்த்தான். மின்சாரம் வருகிற சிவப்பு முனையில் சிவப்பு வயர் இருந்தது. அதன் மறு முனை மோட்டாருக்குப் பின்னால் மறைந்திருந்தது. "சரி, போடுப்பா" என்றான்.

டமார் என்று ஃபியூஸ் போயிற்று. மின்சாரம் மோட்டாரின் உடம்புக்கே போய், அடியில் இருந்த இரும்புச் சட்டம் வழியாகத் தரையில் இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வராந்தாவில் வந்துகொண்டிருந்த துறைத் தலைவர் பிரேமலதா சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார். வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எர்த்துக்குச் சிவப்பு வயரை எடுத்து, ஃபேஸ்ல மாட்டி வச்சிருக்கியே, கண்ணு எங்கன இருக்கு உனக்கு? தறியில ராத்திரி பூரா முழிச்சிட்டு இங்கன வந்து தூங்குதியா? மோட்டார்ல யாராவது கை வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பேச்சிராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் நின்றான். மாரிராஜ் கையில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவன் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அந்த டமாரில் இரண்டு காரியம் நடந்தது. இனிமேல் கவனமாக இருப்பேன் என்று நிரூபிக்கிறவரை பேச்சிராஜ் லேபில் எதையும் தொடக் கூடாது என்று பிரேமலதா சொல்லிவிட்டார். செய்முறை இல்லாமல் டிப்ளமோ கிடையாது. இன்னொன்று, எல்லாப் படமும் கறுப்புக் கோடாக இருக்கிற பழைய லேப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வயருக்கு வயர் நிறம் காட்டுகிற புதுப் புத்தகம் போட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வேலை மாரிராஜ் தலையில் வந்து விழுந்தது. லேடெக் தெரிந்த ஆள் அந்தத் துறையில் அவன் ஒருவன்தான்.

லேடெக் என்பது புத்தகங்களை அச்சுக் கோக்கிற மென்பொருள். அதில் படம் வரைய மவுஸ் தேவையில்லை; சொல்லத் தெரிந்தால் போதும். இந்தப் புள்ளியில் தொடங்கு, நேராக மேலே மூன்று அளவு போ, போகிற வழியில் ஒரு ரெசிஸ்டர் வை, அப்படியே வலது பக்கம் திரும்பு, கீழே இறங்குகிற வழியில் ஒரு சுவிட்ச் வை, தொடங்கின இடத்துக்கே வந்து சேர். இப்படிக் கட்டளைகளை எழுதி ஓடவிட்டால் சுற்றுப்படம் அச்சடித்த மாதிரி வந்து நிற்கும். கை நடுங்காது, கோடு கோணாது. போகிற திசையை மாற்றிச் சொன்னால் டயோடு திரும்பி நின்றுகொள்ளும், அதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு கோடுகள் சும்மா குறுக்கே போகின்றனவா, ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதைக்கூடச் சொல்லித்தான் ஆக வேண்டும். சேர்கிற இடத்தில் ஒரு புள்ளி வை என்று சொல்லாவிட்டால் அது வைக்காது.

நிறம் நிறமாகப் படம் போடுகிற இந்த வேலையிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்றுதான் மாரிராஜ் முதலில் யோசித்தான். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏனென்றால் இங்கே நிறம் என்பதே ஒரு சொல்தான். சிவப்பு என்று எழுதினால் சிவப்பு, பச்சை என்று எழுதினால் பச்சை. கண்ணைக் கேட்க வேண்டியதே இல்லை. மூன்று ஃபேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்பு கிரேயான் தீட்டி அடி வாங்கினவன், வாழ்க்கையில் முதல் தடவையாக நிறம் தப்பாமல் படம் வரைந்தான். வரைந்ததையெல்லாம் அவ்வப்போது பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வான். என்ன தெரிந்ததோ, அவனுக்குத்தான் தெரியும்.

முதல் சில படங்களைப் பார்த்துவிட்டுப் பிரேமலதா, "நல்லாருக்கு சார். ஆனா எர்த் பச்சைதான் கண்ணைப் பறிக்கி. கிளிப்பச்சையா இருக்கு. கொஞ்சம் கறுப்படிச்ச பச்சையா மாத்திருங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கிளிப்பச்சைக்குத்தான் சொல் இருந்தது. கறுப்படிச்ச பச்சையை அவனே உண்டாக்க வேண்டும். அதற்கு மூன்று எண் கொடுக்க வேண்டும்: முதலாவது சிவப்பு எவ்வளவு, இரண்டாவது பச்சை எவ்வளவு, மூன்றாவது நீலம் எவ்வளவு. இதை எர்த்தின் நிறம் என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால் எல்லாப் படத்திலும் எர்த் கோடு தானாக மாறிவிடும். மாரிராஜ் பச்சைக்குப் போட வேண்டிய எண்ணைக் கொண்டுபோய் முதல் இடத்தில் போட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் பூச்சியம் போட்டான். ஓடவிட்டுத் திரையைப் பார்த்தான். கோடு முன்னைவிடக் கறுத்திருந்தது. திருப்தியாகச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். கண் நன்றாக இருக்கிற எவனும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது. பண்ணின அடுத்த நொடியே திரை காட்டிக்கொடுத்திருக்கும்.

அடுத்த வாரம் ப்ரூஃப் வந்தது. ஆசிரியர் அறையில் பிரேமலதா அதை மேஜைமேல் விரித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். சங்கரநாராயணன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சார், இந்தக் கோடு என்ன?"

"எர்த் மேடம்."

"என்ன கலர்ல போட்டிருக்கீங்க?"

"பச்சை. நீங்க சொன்ன மாதிரியே கறுப்படிச்ச பச்சை. நல்லா வந்திருக்குலா?"

சங்கரநாராயணன் டீயை வைத்துவிட்டுச் சிரித்தான். "மேடம்கிட்டயே விளையாடுதீரே வே!" என்றான். பிரேமலதா சிரிக்கவில்லை. அவர் விரல் அந்தக் கோட்டின்மேலேயே இருந்தது. "பச்சைதானா?" என்று இன்னொரு தரம், மெதுவாகக் கேட்டார். "ஆமா மேடம், பாத்தாலே தெரியுதே" என்று சொல்லி முடித்த பிறகுதான் சங்கரநாராயணனின் சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டதை மாரிராஜ் கவனித்தான். பிரேமலதா ப்ரூஃபை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கு என் ரூமுக்கு வாங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தான். சுமதி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது என்ன கலர்?" என்றான்.

"சிவப்பு."

"இது?"

"இது மஞ்சள். இது நீலம்."

"எர்த். இந்தா, கீழ இருக்கே, இது?"

"அதுவும் சிவப்புதாங்க. கொஞ்சம் காஞ்ச சிவப்பு."

மாரிராஜ் கண்ணை மூடிக்கொண்டான். கட்டளைகளின் தலைப்பகுதிக்குப் போய் அந்த மூன்று எண்ணையும் பார்த்தான். எண்ணைப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. முதல் இடத்தில் இருந்ததை இரண்டாவது இடத்துக்கு மாற்றி ஓடவிட்டான்.

"இப்ப?"

"இப்ப பச்சை. வேப்பிலை முத்துனா ஒரு பச்சை இருக்குமே, அது." சுமதி திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது அத்தனையும் நீங்களா வரஞ்சீங்க? நெசமாவே அழகா இருக்குங்க."

ஒவ்வொரு படமாக அவன் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவன் நிறுத்திவிட்டு, ஆசிரியர் அறையில் நடந்ததைச் சொன்னான். பிறகு இத்தனை நாள் சொல்லாததையும் சொன்னான். ஓரத்து மேஜை, ஓரக்கண் பார்வை, இருமல், டமார், தலைகுனிந்து நின்ற மீசைக்காரன்.

"நாளைக்கு மத்தியானம் மீட்டிங். அவனை லேபுல விடலாமா வேண்டாமான்னு. நான் வாயைத் திறந்தா என் லேபும் போயிரும் சுமதி."

"போகும்தான்" என்றாள் அவள். அப்படியெல்லாம் போகாது என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தான். "உங்களுக்குக் கலர் சொல்லுததுக்கு நான் இருக்கேன். அந்தப் பையனுக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பிரேமலதாவின் அறைக்குப் போனான். சட்டைப் பைக்குள் பென் டிரைவ் இருந்தது. "மூணு நம்பர்ல ஒண்ணு இடம் மாறிட்டு மேடம். சரி பண்ணிட்டேன். வீட்ல பாத்துச் சொன்னாங்க" என்றான். வீட்டில் பார்த்துச் சொன்னார்கள் என்பதை வேண்டுமென்றேதான் சொன்னான். அதற்குமேல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பிரேமலதா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ரொம்ப நாளாவா சார்?"

"பிறந்ததுலயிருந்து."

"லேபுல எப்படிச் சமாளிக்கீங்க?"

"கையால. ஒரு முனையில பிடிச்சு மறு முனை வரைக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நூல்பிடி சார் என்ற பேர் அவர் காதுக்கும் வந்திருக்க வேண்டும். "இத்தனை வருஷத்துல உங்க லேபுல ஒரு ஃபியூஸ்கூடப் போனதில்லை. சங்கரநாராயணன்கிட்ட நான் சொல்லி வைக்கேன், அவன் வெளிய பேச மாட்டான். ப்ரூஃபை இனிமே நான் பாத்துக்கிடுதேன். இது நமக்குள்ள இருக்கட்டும் சார்."

மாரிராஜுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பதினைந்து வருஷமாகப் பயந்த விஷயம் இவ்வளவு லேசாக, ஒரு கண்ணாடியைக் கழற்றி வைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. லேப் போகவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. "ரொம்ப நன்றி மேடம்" என்று எழுந்து கதவுவரை போய்விட்டான்.

"மத்தியானம் மீட்டிங்குக்கு வந்திருங்க. அந்தப் பேச்சிராஜை இந்த செமஸ்டரும் விட வேண்டாம்னு பாக்கேன். கவனம் இல்லாத பையனை வச்சுக்கிட்டு யாரு மல்லுக்கட்டுதது" என்றார் பிரேமலதா, அடுத்த ஃபைலை எடுத்தபடி.

மாரிராஜின் கை கதவுப் பிடியில் இருந்தது. இழுத்துத் திறந்தால் வராந்தா, அதைத் தாண்டினால் லேப். அவன் திரும்பி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

"நமக்குள்ள இருக்க வேண்டாம் மேடம். அவனுக்குக் கவனம் இல்லாம இல்ல. அவனுக்கும் என் கண்ணுதான். சிவப்பு எது, பச்சை எதுன்னு அவனுக்குத் தெரியாது. அன்னைக்கு அவன் வயரை எடுக்கும்போதே நான் கண்டுக்கிட்டேன்."

பிரேமலதா ஃபைலை மூடினார். சற்றுமுன் இருந்த கனிவு அந்த முகத்தில் இப்போது இல்லை. "எடுக்கும்போதேவா?"

"ஆமா."

"அத்தனை பேர் முன்னால அவனைப் பிடிச்சு நான் வாய்க்கு வந்தபடி பேசுனேன். நீங்க அங்கனதான நின்னீங்க?"

"நின்னேன் மேடம்."

"கண்ணு தெரியாத பையனைப் பாத்துக் கண்ணு எங்கன இருக்குன்னு கேட்டிருக்கேன். உங்க பயத்துல என்னையும்லா சேத்து இழுத்து விட்டுட்டீங்க சார்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மாரிராஜுக்குக் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

பேச்சிராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவன் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும், படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். பிரேமலதா சிவப்பு வயர் ஒன்றையும் பச்சை வயர் ஒன்றையும் மேஜைமேல் வைத்து எது என்னவென்று கேட்டார். அவன் இருமினான்.

"இரும வேண்டாம் பேச்சிராஜ். எனக்கும் தெரியாது" என்றான் மாரிராஜ்.

பேச்சிராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கு" என்றான் கடைசியில். "தறியிலயும் வெள்ளைத் துண்டு ஓடுத தறியாப் பாத்துத்தான் கேட்டு வாங்குவேன். கலர் சேலைன்னா வேண்டாம்னுருவேன். எல்லாருக்கும் புரியுதது எனக்கு மட்டும் ஏறலைன்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன்." பிரேமலதா எழுந்து அவன் பக்கத்தில் போய், "தப்பு என் மேலதான்ப்பா, மனசுல வச்சிக்கிடாத" என்றார்.

மத்தியானக் கூட்டத்தில் மாரிராஜ் எல்லோர் முன்னாலும் எழுந்து தன் கண்ணைப் பற்றிச் சொன்னான். பேச்சிராஜுக்கு லேப் திரும்பக் கிடைத்தது. மாரிராஜுக்குப் போயிற்று. டாக்டர் சான்றிதழ் வாங்கி வரட்டும், நிர்வாகம் யோசித்துச் சொல்லும், அதுவரை வகுப்பு மட்டும் எடுக்கட்டும் என்றார் முதல்வர். அதில் நியாயம் இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. வருத்தமாக மட்டும் இருந்தது.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பு அவன் ஒரு காரியம் செய்தான். நிறமெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, எல்லா வயரின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரே எண் வரும்படி கட்டளைகளில் சேர்த்தான். லேபில் கிடந்த வயர்களுக்கும் அதேபோல இரண்டு முனையிலும் எண் எழுதின வளையம் மாட்டினார்கள். தேய்ந்துபோன எழுத்தையெல்லாம் மேஜைகளில் புதிதாக எழுதினார்கள். அந்த வேலையைச் சங்கரநாராயணன் யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்து செய்தான்.

புதுப் புத்தகத்தோடு முதல் லேப் நடந்த அன்று மாரிராஜ் பக்கத்துக் கம்ப்யூட்டர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு சுவர்தான். மேஜை நகர்கிற சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன. பேச்சிராஜின் முறை வந்தது அவனுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அப்போது பேச்சு நின்றுவிட்டது. "ஒரு முனையில பிடிச்சு வா. அவசரமில்ல" என்று சங்கரநாராயணனின் குரல் வந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மாரிராஜின் விரல் அவனை அறியாமல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. இப்போது மூன்றாவது வயர். இப்போது எர்த்.

சுவிட்ச் விழுந்தது. மோட்டார் முனகியது, வேகம் பிடித்தது, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. யாரோ கை தட்டினார்கள். மாரிராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

லேப் முடிந்ததும் பேச்சிராஜ் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஓடிட்டு சார்."

"கேட்டேன்."

உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து இருவருக்கும் நடுவில் வைத்தான். "இந்தா, இந்த எர்த் கோட்டுக்கு என்ன கலர் சார் போட்டிருக்கீங்க?"

"பச்சை. வேப்பிலை முத்துனா வருமாமே, அந்தப் பச்சை."

பேச்சிராஜ் குனிந்து பார்த்தான். மாரிராஜும் குனிந்து பார்த்தான். இரண்டு பேருமாக அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கா சார்?"

"நல்லாருக்குன்னுதான் வீட்ல சொன்னா" என்றான் மாரிராஜ்.